தியாகராஜர் கீர்த்தனைக்கு ஓனர் வந்துவிட்டார்

என் சித்தப்பா நாதஸ்வரம் வாசித்தால் அது யாருடைய வாசிப்பு? சித்தப்பாவுடையது என்று நினைத்தால் உங்களுக்கு விவரம் போதாது. நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் ஆடியோ கம்பெனியின் சொத்தாம் அது. மெயில் வந்திருக்கிறது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் சித்தப்பா ஒரு தியாகராஜர் கீர்த்தனை வாசித்தார். போனை ஸ்டாண்டில் மாட்டி நானே எடுத்தேன். பின்னால் ஜெனரேட்டர் சத்தம், நடுவில் ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுவதுகூடக் கேட்கும். வீடியோ ஏறி முடிவதற்குள் காப்பிரைட் கிளைம். அந்தக் கம்பெனி வெளியிட்ட ஆல்பத்தில் வேறொரு வித்வான் வாசித்த அதே கீர்த்தனையோடு ஒப்பிட்டுப் பார்த்த மெஷின், இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டது. (தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. சாப்பிடும்போது பார்ப்பீர்களே, அதுபோல ஒன்று.)

தியாகராஜர் 1847ல் சமாதியானவர். இன்றைய இந்தியச் சட்டக் கணக்கில் படைத்தவரின் ஆயுளுக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை. அதன்படி பார்த்தாலும் 1907லேயே முடிந்த கதை. கம்பெனிக்கு உரிமை இருப்பது அவர்கள் வெளியிட்ட அந்த ஒலிப்பதிவில் மட்டும்தான். கீர்த்தனையில் இல்லை, ராகத்தில் இல்லை, சித்தப்பாவின் மூச்சில் சத்தியமாக இல்லை.

உரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சித்தப்பாவின் வாசிப்பை எவனோ எடுத்துக் கல்யாண வீடியோவில் ஒட்டியபோது நானும் கத்தியவன்தான்.

சரி, மறுப்பு எழுதினேன். அது யாரிடம் போகிறது தெரியுமா? கிளைம் போட்ட அதே கம்பெனியிடம்! பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம். திருட்டுப் பட்டம் கட்டியவனே தீர்ப்பும் எழுதுவான். 29ஆம் நாள் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது, காரணம் கிடையாது. மேல்முறையீடு செய்தேன். வீடியோவைத் தூக்கிவிட்டு, சேனலுக்கு ‘ஸ்ட்ரைக்’ என்று ஒரு கரும்புள்ளி கொடுத்தார்கள். அதே வாரத்தில் இன்னும் இரண்டு. ஒன்று சித்தப்பாவின் வேறொரு வாசிப்புக்கு. மற்றது, ஒரு சினிமாப் பாட்டில் ராகம் எந்த இடத்தில் மாறுகிறது என்று விளக்க 12 விநாடி போட்டுக் காட்டியதற்கு. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. யாரிடம் போய் அதைப் படித்துக் காட்டுவது?

90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனல் காலி. ஆறு வருஷம், 400 வீடியோ. அதில் வாசித்த மூன்று பெரியவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

படம் வந்த மறுநாளே முழுப் படத்தையும் இடம்வலம் திருப்பிப் போட்டு, ஹீரோ இடது கையால் சோறு தின்ன, ஓரத்தில் பூ டிசைன் வைத்து ஓட்டுகிறவன் மட்டும் ஜோராக இருக்கிறான்!

“நீக்கியது தப்பு என்று எதிர் நோட்டீஸ் கொடுங்களேன்” என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். அந்தப் படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். உண்மையான பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுத வேண்டும். அது அப்படியே புகார் கொடுத்தவனுக்குப் போகும். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்கிறேன் என்று வேறு ஒப்புக்கொள்ள வேண்டும். 1998ல் அமெரிக்கா போட்ட சட்டமாம். எங்கள் அம்மன் கோயிலுக்கும் அமெரிக்கக் கோர்ட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? படித்ததுமே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். நானும் அன்று மூடி வைத்துவிட்டேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கே அங்கே எவ்வளவு நாள் ஆகிறது? 2007ல் ஒரு அம்மா தன் குழந்தை ஆடுவதை 29 விநாடி வீடியோவாகப் போட்டார், பின்னால் ஒரு பாப் பாட்டு. நீக்கச் சொல்லி நோட்டீஸ். அவர் வழக்குப் போட்டார். நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் இது நியாயப் பயன்பாடா என்று யோசித்திருக்க வேண்டும் என 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2018ல் சமரசத்தில் முடிந்தது. 29 விநாடிக்கு 11 வருஷம்!

நம் ஊரிலும் 2013 பதிப்புரிமை விதிகள் இருக்கின்றன. புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். புகார் கொடுத்தவர் 21 நாளில் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். கவனியுங்கள், முடக்குவதற்கு ‘வேண்டும்’, திறப்பதற்கு ‘லாம்’. ஆதாரமில்லாமல் மிரட்டினால் எதிர்த்து வழக்குப் போட 60ஆம் பிரிவும் உண்டு. திருவிழாவுக்கு வாசித்துச் சித்தப்பா வாங்கும் பணம் வக்கீல் ஆபீஸ் வாசல்வரைக்கும் காணாது.

சித்தப்பாவிடம் நேற்றுதான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சீவாளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “அவங்க பாட்டுன்னா விட்டுடுடா. அடுத்த திருவிழாவுக்கு வேற கீர்த்தனை வாசிக்கிறேன், அதை எடுத்துப் போடு” என்றார்.