அப்பத்தா அடம்பிடிக்காத ஒரு வாரம்

அப்பத்தாவுக்கு 86 வயது. மானாமதுரைப் பக்கம் ஊர். வாக்கர் வாங்கிக் கொடுத்தால் அதில் துண்டு காயப்போடும். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரும் குடிக்கும், நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பித் தலையணைக்கடியில் வைத்துவிடும். டயப்பர் என்று வாயெடுத்தாலே "நான் என்ன பச்சப்புள்ளயாடி?" என்று தெருவுக்கே கேட்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிற அக்காவிடம் (2021-ல் ஆரம்பித்த தமிழக அரசுத் திட்டம், படி இறங்க முடியாத கிழவிகளுக்கு அதன் அருமை தெரியும்) "முதல்ல உனக்குப் பாத்துக்கிட்டியா?" என்று கேட்டது.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போனில் விசாரிக்கிற சொந்தங்களுக்கு ஒரே யோசனைதான்: "கொஞ்சம் கண்டிச்சு வைம்மா." ராத்திரி இரண்டு மணிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். சரி, அது வேறு கதை.

பிரஷர் ஏறியே இருக்கிறது என்று பக்கத்து கிளினிக்கில் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். துப்பினால் ஏறாமல் என்ன செய்யும்? நானும் கண்டித்தேன். விழுங்கும்வரை எதிரிலேயே நின்றேன், வாயைத் திறந்து காட்டச் சொன்னேன், ரசத்தில்கூட உப்பைக் குறைத்தேன். உப்பில்லாத சோறு என்று பாதித் தட்டை ஒதுக்கியது.

மூன்று வாரம் கழித்து அப்பத்தா திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டது. வெற்றிலை உரலைத் தேடவில்லை. பகலெல்லாம் தூக்கம். டயப்பர் மாட்டினேன், ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த வாரக் கடைசியில் என்னைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

கிளினிக்கில் "வயசாச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மனசு ஆறாமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 116. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். புதிதாகச் சேர்த்தது நீர் பிரிய வைக்கிற வகை மாத்திரை, வயதானவர்களுக்கு அது சில நேரம் உப்பை இப்படி இறக்கிவிடும் என்றார் டாக்டர். துப்பிக்கொண்டிருந்தவரை அப்பத்தா நன்றாகத்தான் இருந்திருக்கிறது! அதற்காக யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எங்களுக்கு டாக்டர்தான் வேறு மாற்றிக் கொடுத்தார். ஆனால் நேற்றுவரை சண்டை போட்ட மனுஷி நாலே நாளில் சாதுவானால் அதை வயசு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சோடியமாக இருக்கலாம், சிறுநீரில் கிருமியாக இருக்கலாம், ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்கள்.

உப்பை ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று மெதுவாகத்தான் ஏற்றினார்கள். நாலாம் நாள் விடியற்காலை, "இந்தக் கட்டில எவன்டி இம்புட்டு உசரத்துல செஞ்சான், எறக்கிவிடு!" என்று வார்டே அதிரக் கத்தியது. பாட்டியை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். நான் சொல்லவில்லை.

இப்போது எந்த மாத்திரை எதற்கென்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். நாலு கேள்வி கேட்டுவிட்டு விழுங்குகிறது. சோடியம் பார்க்க ரத்தம் எடுக்க வருகிற பையனோடு தகராறு மட்டும் தீரவில்லை, போன தடவை அவன் ஊசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டது.