பீஓவோட நாலாம் பக்கம்

நேத்துல இருந்து நம்ம மெஷின் ஷெட்காரங்க குரூப்புல ஓடுறது ஒரே பேச்சுதான்: சரக்கு லேட்டுன்னு ஒருத்தர் பில்லுல கம்பெனி 18,000 ரூபாய் எல்டி (தாமத அபராதம்) பிடிச்சிருச்சு. அதுக்கு எல்லாரும் கம்பெனிக்காரனைத் திட்டியாச்சு. திட்டுங்க, நானும் கூட வர்றேன். ஆனா "ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எரியுது. அந்த அபராத நிபந்தனை பீஓவோட (கம்பெனி அனுப்புற பர்ச்சேஸ் ஆர்டர்) நாலாம் பக்கத்துல அச்சடிச்சே வந்திருக்கு. நாம பார்த்தது முதல் பக்கத்து ரேட்டை மட்டும்.

400 ஃபிளான்ஜ், ஒண்ணு 1,500 ரூபாய், மொத்தம் 6 லட்சம். லேட்டானது 40 பீஸ், ஆறு வாரம். வாரத்துக்கு அரை சதவீதம். "தாமதமான சரக்கின் மதிப்பில்"னு இருந்திருந்தா 1,800. "மொத்த ஆர்டர் மதிப்பில்"னு இருந்ததால 18,000. படிச்சிருந்தா அன்னைக்கே ஒரு மெயில்ல கேட்டிருக்கலாம்.

நாம ரேட் சொல்லி அனுப்புற கொட்டேஷன்ல இருந்து ஒரு நிபந்தனை மாறி வந்தாலும் அந்த பீஓ புது ஆஃபர்தான். 1872 ஒப்பந்தச் சட்டம் 7வது பிரிவுப்படி சம்மதம் முழுசா, நிபந்தனை இல்லாம இருக்கணும். 8வது பிரிவுல, கேட்டதைச் செஞ்சு கொடுத்தாலே சம்மதம். பதில் எழுதாம சரக்கை வண்டியில ஏத்தினா, கையெழுத்தே போடாம நாலாம் பக்கத்துக்கும் தலையாட்டினதா அவங்க வாதாடுவாங்க.

கொட்டேஷனையும் பீஓவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல்ல டிராயிங் ரிவிஷன். நாம ரேட் போட்டது ரிவிஷன் 2க்கு, பீஓ வர்றது ரிவிஷன் 4க்கு. போர் டாலரன்ஸ் (நடு ஓட்டை அளவுல விடுற வித்தியாசம்) இறுகியிருக்கும், ஒரு ஆபரேஷன் கூடும், ரேட் மட்டும் அதே. அடுத்து டெலிவரி நாள். பீஓ தேதியில இருந்தா, அவங்க அனுப்புற காஸ்டிங் (நாம கடைசல் போட வேண்டிய வார்ப்பு) நம்ம ஷெட்டுக்கு வந்த தேதியில இருந்தா? பணம் இன்வாய்ஸ் தேதியில இருந்தா, ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததுக்கு அவங்க போடுற சீட்டு) போட்ட தேதியில இருந்தா? அந்த ஜிஆர்என் ஸ்டோர்ஸ்ல எத்தனை நாள் தூங்கும்னு உங்களுக்கே தெரியும்.

"எதிர்த்து எழுதினா ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போயிடும்"னு உடனே வருவீங்க. போகலாம். அந்த ரேட்டுக்கு அந்த டாலரன்ஸை அவர் எடுக்கட்டும், பார்க்கலாம்.

"பணம் 90 நாள்லன்னு பீஓல போட்டாலும் சட்டப்படி கெடு 45 நாள்தானே"ன்னு ஒருத்தர் பாடம் எடுத்தார். சரிங்க சார். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் அதைத்தான் சொல்லுது. தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா. 2024 ஏப்ரல் 1ல இருந்து வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்) வேற வந்துச்சு: கெடு தாண்டின பில்லை, பணம் கொடுக்குற வரைக்கும் அவங்க செலவா கழிக்க முடியாது. ஆனா உத்யம் பதிவு (எம்எஸ்எம்இக்கான அரசுப் பதிவு) இருக்கிற எத்தனை பேர் அந்த வட்டியை கிளெய்ம் பண்ணினீங்க? கேட்டா அடுத்த ஆர்டர் வராதுங்கிற பயம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்ல "மதிப்புமிகு பார்ட்னர்"னு ஒட்டி அனுப்புவாங்க, மார்ச் பில்லுக்கு ஜூலையிலயும் ஃபோன் எடுக்க மாட்டாங்க.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இந்த மூணு திருத்தங்களோட மட்டுமே ஆர்டரை ஏற்கிறோம். திருத்திய பீஓ வந்த பிறகே வேலை தொடங்கும்." முதல் பீஸ் மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி அனுப்புங்க. ஃபோன்ல "பாத்துக்கலாம் சார்"னு சொன்னா, அதையும் அன்னைக்கே மெயில்ல போட்டு வையுங்க. அந்த சார் அடுத்த மாசம் வேற கம்பெனியில இருப்பார்.