அந்தச் சாக்குமூட்டைப் படம் பற்றி

செவ்வாய்க்கிழமை நான் போட்ட சாக்குமூட்டைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் மாட்டிய 14 வைஃபை பெட்டிகளைக் கழற்றி, பழைய இரும்புக்கடைச் சாக்கில் போட்டிருந்த படம். அதற்குக் கீழே வந்ததையும் படித்திருப்பீர்கள். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. "டெக்னாலஜி வளரவே கூடாதுன்னு சொல்றீங்களாண்ணா?" என்று கேட்டவருக்கும், "ஆர்டர் கைவிட்டுப் போன வயித்தெரிச்சல்" என்று எழுதியவருக்கும் இரண்டு நாளாக மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எழுதிவிட்டால் தூக்கமாவது வரும்.

நான் சொல்வது ஒன்றுதான். வைஃபையில் ஒரு தலைமுறையை நாம் ஒழுங்காகப் பயன்படுத்தி முடிப்பதற்குள் அடுத்ததைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறார்கள். புதியது மோசம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பழையதின் வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் எழுதினேன்.

கணக்கைப் பாருங்கள். வைஃபை கம்பெனிகளின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் வைஃபை 6-க்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது 2019 செப்டம்பரில். அந்தத் தரத்துக்கு, தரங்களை எழுதுகிற ஐஇஇஇ அமைப்பின் இறுதி ஒப்புதல் கிடைத்ததே 2021 பிப்ரவரியில்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜனவரியில், 6 ஜிகாஹெர்ட்ஸ் என்ற புது அலைவரிசையையும் சேர்த்த 6இ-க்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மூத்தவனுக்குப் பெயர் வைத்து முடிவதற்குள் இளையவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். 2024 ஜனவரியில் வைஃபை 7. அதன் தர ஆவணம் முழுதாக வெளியானது 2025 ஜூலையில். அதே வருஷம் அக்டோபரில் சிப் தயாரிக்கும் பிராட்காம் நிறுவனம் வைஃபை 8 சிப்களை அறிவித்துவிட்டது. வைஃபை 8 தரத்தை எழுதிக்கொண்டிருப்பவர்களே அது முடிய 2028 ஆகும் என்கிறார்கள். எழுதி முடிக்காத ஒன்றுக்குச் சிப் தயார். இதைக் கேட்டால் நான் வளர்ச்சிக்கு விரோதியா?

நண்பர் ஒருவர் பொறுமையாக ஒரு கேள்வி கேட்டிருந்தார், அவருக்கு நன்றி. எழுத்தால் பெயர் வைத்த பழைய தலைமுறைகளில் 1999-ல் பி, 2003-ல் ஜி, 2009-ல் என், 2013-ல் ஏசி என்று அப்போதும் நாலைந்து வருஷத்துக்கு ஒன்று வந்துகொண்டுதானே இருந்தது, அப்போது வராத கோபம் இப்போது ஏன் என்றார். 'என்' வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2007-லேயே, வரைவை வைத்துப் பெட்டிகள் விற்றதையும் நினைவுபடுத்தினார். உண்மைதான். மறுக்கவில்லை. நானே அந்த வரைவுப் பெட்டிகளை வாங்கி மாட்டியிருக்கிறேன்.

ஆனால் நான் வைஃபை மாட்டும் இந்தத் தொழிலுக்கு வந்தது 2006-ல். பி-யிலிருந்து ஜி-க்குப் போனபோது காகிதத்தில் வேகம் வினாடிக்கு 11 மெகாபிட்டிலிருந்து (எம்பிபிஎஸ்) 54 ஆனது, அதைக் கையாலேயே உணர முடிந்தது. ஒரு கோப்பை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் டீ வருவதற்குள் திரும்பி வந்தார்கள். இன்று அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? வாசல்வரை வரும் இன்டர்நெட் லைன் 100 அல்லது 200 எம்பிபிஎஸ். ஒழுங்காக மாட்டிய வைஃபை 5 பெட்டியே அதைவிட அதிகமாகக் கடத்தும். அந்த வீட்டுக்கு 46 ஜிகாபிட், அதாவது 46,000 எம்பிபிஎஸ், என்று விளம்பரம் போட்டு வைஃபை 7-ஐ விற்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் பி, ஜி, என் எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் தெரிந்த எழுத்துகள். 2018 அக்டோபரில் வைஃபை அலையன்ஸ் எழுத்துகளை ஓரங்கட்டிவிட்டு 'என்' 4, 'ஏசி' 5, அடுத்தது 6 என்று எண் போட்டது. மக்களுக்குப் புரியட்டும் என்றுதான் போட்டார்கள். நடந்தது வேறு. அன்றிலிருந்து நான் போகும் இடமெல்லாம் முதல் கேள்வி, "நம்மளது 6-ங்களா, 7-ங்களா?" என்பதுதான். கடைசி மேஜைவரை சிக்னல் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எண் பெரிதாக இருந்தால் போதும்.

சரி, சாக்குமூட்டைக்கு வருகிறேன்.

அதில் இருந்தவை ஒரு பேக்கிங் ஹாலில் நான் மாட்டியவை. 2022 தீபாவளிக்கு முந்தின வாரம். வைஃபை சிக்னலைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் பெட்டிகள் 14, எல்லாமே வைஃபை 6. என்னிடம் வேலை பார்க்கும் தம்பியும் நானும் ஆறு ராத்திரி, ஆள் இல்லாத நேரத்தில், தகரக் கூரைக்கு அடியில் ஏணி போட்டுக் கேபிள் இழுத்தோம். இரும்பு ரேக், ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டி, தலைக்கு மேலே தகரம். சிக்னலுக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஹாலில் எத்தனை நடை நடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ரேக்கை அரை அடி நகர்த்தினால்கூட எங்கே சிக்னல் குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூன்று வருஷம், ஒரு புகார் இல்லை.

போன மாதம் வேறு ஆட்கள் வந்து, "இது 6, இப்ப 7 வந்தாச்சு" என்று பேசியிருக்கிறார்கள். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 14-ஐயும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினார்கள். புதியவற்றுக்குக் கரண்ட் கூடுதலாக வேண்டும் என்பதால் கேபிள் வழியாகக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்சையும் மாற்றினார்கள். வெளியிலிருந்து வரும் லைன் மட்டும் அதே 200 எம்பிபிஎஸ்.

மறுநாள் காலையில் 11 பார்கோடு ஸ்கேனரும் இரண்டு லேபிள் பிரிண்டரும் நெட்வொர்க்கில் ஏறவில்லை. அவற்றுக்கு வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 என்ற பழைய பூட்டு முறைக்கு மேல் தெரியாது. வைஃபை 7-ன் முக்கியமான வசதிகளுக்கோ அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 வேண்டும். வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நெட்வொர்க் பெயர் வைத்து, டபிள்யூபிஏ3-ல் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். போன் போட்டுக் கேட்டதற்கு, "ஸ்கேனர் பழசு சார், அதையும் மாத்திருங்க" என்று பதில். ஒரு ஸ்கேனர் பார்கோடைப் படித்து அனுப்புவது இருபது முப்பது எழுத்து. அதற்கு எதற்கு ஏழாம் தலைமுறை?

ஒன்றரை நாள் லேபிள் இல்லாமல் பெட்டிகள் அடுக்கியே கிடந்தன. இரவு பத்து மணிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார். போனேன். பழைய சாதனங்களுக்கு 2.4-ல் தனிப் பெயர், டபிள்யூபிஏ2, தனி நெட்வொர்க். நாற்பது நிமிடத்தில் எல்லாம் ஏறிவிட்டன. கை துடைத்துக்கொண்டு நின்றபோது அவர் சொன்னார், "இத்தன வருசமா பாக்கறீங்க, இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

நான் எதுவும் பேசவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்துப் பழைய இரும்புக்கடை ஒன்றைத் தாண்டிப் போனபோது அந்தச் சாக்கைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கரில் நான் எழுதிய எண் அப்படியே இருந்தது. 1 முதல் 14 வரை. அந்தப் படத்தைத்தான் போட்டேன். அதற்குத்தான் வயிற்றெரிச்சல் என்றார் அந்த நண்பர்.

"6 ஜிகாஹெர்ட்ஸ் வேண்டாமா, நெரிசலே இல்லாத புது ரோடு அது" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வேண்டும், யார் இல்லை என்றது? அமெரிக்கா 2020 ஏப்ரலில் அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் அதில் கீழ்ப்பகுதி 500-ஐ மட்டும், 5925 முதல் 6425 வரை, லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற வரைவு விதி வந்ததே 2025 மே மாதத்தில். 6இ, 7 என்று ஆசைப்பட்டு முன்கூட்டியே வாங்கினவர்கள் இத்தனை வருஷம் எந்த ரோட்டில் ஓட்டினார்கள்? பெட்டிக்குள் இருக்கிற ரேடியோ நம் ஊரில் பூட்டிக் கிடந்தது, காசு மட்டும் முழுதாகப் போனது. அந்த 500-க்குள் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். வைஃபை 7-ன் வேகத்துக்கு ஆதாரமே அந்த 320-தான். போகட்டும், விலை குறைவாக வைஃபை 7 என்று விற்கிற பெட்டிகள் பலவற்றில் 6 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது. அட்டையில் பெரிதாக 7 என்று போட்டிருக்கும். இதை வாங்குகிற டீச்சரம்மாவுக்கு யார் சொல்வது?

டீச்சரம்மா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கிறார். பேரனோடு வீடியோவில் பேசினால் விட்டுவிட்டு வருகிறது, ரவுட்டர் பழசு, மாற்ற 12,000 ரூபாய் ஆகும் என்று யாரோ சொன்னார்களாம். போய்ப் பார்த்தேன். ரவுட்டர் ஹாலில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தூசி படியக்கூடாது என்று அதன்மேல் துணி வேறு. எடுத்து, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நிலைக்கு மேலே ஒரு பலகை அடித்து வைத்தேன். சேனலை 6-லிருந்து 11-க்கு மாற்றினேன். பக்கத்து வீடுகள் எல்லாம் 6-லேயே மோதிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். அது 'என்' காலத்துப் பெட்டி, பத்து வயதுக்கு மேல். இன்றைக்கும் பேரன் முகம் தெளிவாகத் தெரிகிறது. கிளம்பும்போது, "இது போதுமாப்பா? புதுசு வாங்கலன்னா ஒண்ணும் ஆயிராதே?" என்று பயந்துகொண்டே கேட்டார். அந்தப் பயத்தை அவருக்கு யார் கொடுத்தது? அதுதான் என் கோபம்.

பாதுகாப்பு என்ன ஆவது, பழையதையே வைத்திருந்தால் ஹேக் பண்ணிவிட மாட்டார்களா என்று கேட்டவர்களுக்கு. 2001-லேயே வைஃபையின் முதல் பாதுகாப்பு முறையான டபிள்யூஇபி பூட்டு உடைந்துவிட்டது. நான் வந்த 2006-லும் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள். டபிள்யூபிஏ2-க்கு மாறுங்கள் என்று கடை கடையாகக் கெஞ்சினவன் நான், எனக்கே பாதுகாப்புப் பாடம் எடுக்காதீர்கள். 2017 அக்டோபரில் டபிள்யூபிஏ2-லும் ஓட்டை கண்டுபிடித்தார்கள், கிராக் என்று பெயர். அதை எப்படி அடைத்தார்கள்? மென்பொருள் அப்டேட் கொடுத்து. பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. பிரச்சினை பெட்டியின் வயதில் இல்லை. அடுத்த எண்ணை விற்க ஆரம்பித்ததும் முந்தின எண்ணுக்கு அப்டேட் கொடுப்பதைப் பல கம்பெனிகள் நிறுத்திவிடுகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. நெட்டில் இணையும் பொருளை வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கு விற்றால், குறைந்தது எந்தத் தேதிவரை பாதுகாப்பு அப்டேட் கொடுப்பேன் என்று சொல்லியே விற்க வேண்டும். இங்கேயும் அந்தத் தேதியை அட்டையில் 7-க்குப் பக்கத்தில் போடட்டும். பத்து வருஷம் என்று போட்டால் நானே முதல் ஆளாக நின்று வாங்கித் தருகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி ஹாஸ்டல், ரயில் நிலையம் இங்கெல்லாம் 6-க்கும் 7-க்கும் தேவை இருக்கிறது. நூற்றுக்கணக்கான போன் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரே சேனலைப் பலருக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிற வித்தை வைஃபை 6-ல்தான் வந்தது, நல்ல வேலை. ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேக்கிங் ஹாலுக்கு நான் 6 போட்டதும் அதனால்தான், ஷிப்ட் மாறும்போது இருநூறு போன் உள்ளே இருக்கும் என்று. அதை மூன்றே வருஷத்தில் சாக்கில் போட்டார்கள்.

வயிற்றெரிச்சல் என்ற வார்த்தைக்குக் கடைசியாக வருகிறேன். அந்த ஆர்டரை என்னிடமே கேட்டிருந்தால் எனக்கு நல்ல காசு கிடைத்திருக்கும். 14 புதுப் பெட்டி, புது ஸ்விட்ச், ஆள் கூலி. வேண்டாம், இன்னும் நாலு வருஷம் ஓடும் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னைப் பல வருஷமாகத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தைக்கு விருப்பக்குறி போட்டவர்கள் ஒன்பது பேர். பெயர்களைப் பார்த்தேன். அதில் மூன்று பேர் வீட்டுக்கு நான் காசு வாங்காமல் ராத்திரியில் போய் ரவுட்டர் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று அம்மா சொல்வார். வலிக்கிறது, சொல்லிவிட்டேன்.

அப்புறம், அந்தச் சாக்கை நேற்று நானே வாங்கி வந்துவிட்டேன். இரும்புக்கடைக்காரர் 600 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. ராத்திரி ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். 12 நன்றாக எரிகின்றன. 5-ம் எண்ணில் கேபிள் சொருகும் இடம் உடைந்திருக்கிறது, கழற்றும்போது பிடுங்கியிருக்கிறார்கள். 9-ஐ ஈரம் பாதித்திருக்கிறது, காய வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

எங்கள் தெருவில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் சாயங்காலம் படிக்கிற ஒரு மாடி இருக்கிறது. நாற்பது பிள்ளைகள், ஒரே ஒரு பழைய ரவுட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இரண்டு மாட்டப் போகிறேன். உயரமான ஏணி வேண்டும், என்னுடையதில் ஒரு படி விட்டுவிட்டது. கேபிளில் கரண்ட் கொடுக்கிற 48 வோல்ட் பிஓஇ அடாப்டர் யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பத்தும் இருக்கின்றன. பள்ளிக்கூடம், நூலகம், டியூஷன் என்று தேவைப்படுகிற இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.