ஃபைனலுக்கு அறுபது டிவி எதற்கு?

ஏப்ரல் முதல் வாரம் நெருங்கினால் அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும்: காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனலை எங்கே போய்ப் பார்க்கலாம்? உடனே யாராவது ஹைவே ஓரத்து ஸ்போர்ட்ஸ் பார் ஒன்றின் பெயரைப் போடுவார்கள். சுவரெல்லாம் டிவி, பார்க்கிங் தாராளம் என்று சிபாரிசு வேறு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஃபைனலுக்கு ஏற்ற இடம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சின்ன பார்தான்.

அறுபது டிவி தேவைப்படுவது, போட்டி தொடங்கும் மார்ச்சில். மொத்தம் 68 அணி, 67 ஆட்டம். முதல் சுற்றின் வியாழன், வெள்ளி இரண்டே நாளில் 32 ஆட்டம் முடிந்தாக வேண்டும். சிபிஎஸ், டிபிஎஸ், டிஎன்டி, ட்ரூடிவி என்று நான்கு சேனலில் ஒரே நேரத்தில் ஓடும். அன்றைக்குப் பெரிய பார் இல்லாமல் ஆகாது. ஃபைனல் ராத்திரி மிஞ்சுவது ஒரே ஒரு ஆட்டம். அறுபது டிவியும் அதே படத்தைத்தான் காட்டப் போகின்றன. அதுவும் ஒரே விநாடியில் காட்டப் போவதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

சிக்னல் வரும் வழியைப் பொறுத்துப் படம் முன்பின்னாகும். ஆன்டெனாவில் வருவது முதலில் வரும். கேபிளும் டிஷ்ஷும் சில விநாடி பின்தங்கும். இன்டர்நெட் ஸ்ட்ரீமிங் அரை நிமிடம்கூடப் பின்னால் வரும், சில நேரம் அதற்கும் மேலே. ஒரே பாரில் கவுன்டர் டிவி டிஷ்ஷிலும் பின்னறை டிவி ஸ்ட்ரீமிங்கிலும் ஓடினால், பின்னறையில் உட்கார்ந்தவர் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், முன்னறைக் கூச்சலைத்தான் கேட்பார். 2016 ஃபைனலை நினைத்துப் பாருங்கள். நார்த் கரோலைனாவின் மார்கஸ் பெய்ஜ் 4.7 விநாடி மிச்சமிருக்கும்போது அந்தரத்தில் உடம்பை முறுக்கி மூன்று புள்ளி போட்டு 74-74 ஆக்குகிறார். அடுத்து வில்லனோவாவின் ரயன் ஆர்ச்சிடியாகனோ பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து பின்னால் தள்ளிவிட, கிறிஸ் ஜென்கின்ஸ் எறிந்த பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்து, வலைக்குள் விழுகிறது. 77-74. அரை நிமிடம் தாமதமான டிவியின் முன்னால் இருந்தால், வில்லனோவா பந்தைக் கையில் எடுக்கும் முன்பே ஜெயித்தது யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே பார்க்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரே ரிசீவரிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வழியாக எல்லா டிவிக்கும் இழுக்க வேண்டும். டிவிக்கு டிவி படத்தைச் செப்பனிட எடுத்துக்கொள்ளும் நேரம் வேறுபடும். எல்லாவற்றையும் கேம் மோடில் வைத்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் அடங்கிவிடும். சத்தம் டிவியின் ஸ்பீக்கரிலிருந்து வரவே கூடாது. எல்லா டிவியையும் மியூட் செய்துவிட்டு, ஒரே ஆம்ப்ளிஃபயரில் கூரை ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வர்ணனை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இரட்டித்துக் கேட்கும். வர்ணனையை எழுத்தாக (கேப்ஷன்) ஓடவிடுகிற பார் என்றால், முடிந்தால் அதை ரிசீவர் அமைப்பில் மேலே ஏற்றிவிடச் சொல்லுங்கள். கீழே ஓடினால் ஸ்கோர் பட்டையை மறைக்கும், எத்தனை விநாடி மிச்சம் என்பதே தெரியாது. உங்கள் பங்குக்கு, போனில் ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். பல நேரம் அது படத்தை முந்திக்கொள்ளும்.

சேனல் விஷயமும் ஒன்று உண்டு. 2016-லிருந்து ஆண்கள் ஃபைனல் ஒற்றைப்படை வருடத்தில் சிபிஎஸ்ஸிலும் இரட்டைப்படை வருடத்தில் டிபிஎஸ்ஸிலும் வருகிறது. (2020-ல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை.) சிபிஎஸ் ஆன்டெனாவிலேயே கிடைக்கும். டிபிஎஸ்ஸுக்குச் சந்தா கட்டாயம். போன வருடம் நன்றாக ஓடிய பாரில் இந்த வருடம் "சேனல் வரலையே" என்று ரிமோட்டை வைத்துத் தடவிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வீட்டுச் சந்தாவைக் கொண்டுவந்து பாரில் ஓட்டுவது ஒப்பந்த மீறல். பாருக்கென்று தனி வணிகச் சந்தா இருக்கிறது, கடையின் கொள்ளளவைப் பார்த்து விலை போடுவார்கள். சின்ன பார்கள் சில இதற்குப் பயந்தே ஃபைனலைக் காட்டுவதில்லை. ஆகையால் இரண்டு நாள் முன்னதாகப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: ஆட்டம் வருமா, சத்தம் வைப்பீர்களா, ஃபைனல் நடக்கும் திங்கட்கிழமை வழக்கமான வினாடி-வினா உண்டா? மூன்றாவதுதான் முக்கியம். இரண்டாம் பாதி நடுவே ஒருவர் மைக்கைப் பிடித்துத் தலைநகரங்களின் பெயர் கேட்டுக்கொண்டிருந்தால் தாங்காது.

இனி வயிற்றுப்பாடு. ஆட்டம் பல வருடமாகக் கிழக்கு நேரப்படி இரவு ஒன்பதேகால் வாக்கில்தான் தொடங்கியது. 2025-ல் எட்டு ஐம்பதுக்கு முன்தள்ளினார்கள். பாதி முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சின்ன பார்களில் திங்கட்கிழமை பத்து மணிக்கு அடுப்பை அணைப்பது சகஜம். இடைவேளையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் அன்றைக்கு வேர்க்கடலைதான். அடுப்பு எரிந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. சிக்கன் விங்ஸ் பொரிய ஒரு தவணைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். இரண்டு கூடை உள்ள ஃப்ரையரில் கூடைக்கு இருபது துண்டு என்று வைத்தால், ஒரு தவணையில் நாலு பிளேட் தேறும். இடைவேளையில் பதினைந்து மேசை ஒரே நேரத்தில் கேட்டால் கடைசி மேசைக்கு முக்கால் மணி நேரம். அவசரத்தில் கூடையை நிரப்பினால் எண்ணெயின் சூடு இறங்கி, தோல் மொறுமொறுப்பில்லாமல் ரப்பராக வரும். முதல் பாதியின் நடுவிலேயே ஆர்டர் கொடுத்துவிடுவதுதான் வழி.

பீரிலும் இதே கணக்கு. பெரிய கெக் (பீர் பீப்பாய்) ஒன்றில் 15.5 கேலன், அதாவது 16 அவுன்ஸ் கிளாஸில் 124. நுரையாகப் போவதைக் கழித்தால் 110 தேறினால் நல்ல கை. அறுபது பேர் ஆளுக்கு மூன்று குடித்தால் 180. எல்லோரும் கேட்கும் ஒரே லாகருக்கு ஒரே கெக் வைத்திருக்கும் பார், இரண்டாம் பாதியில் மாட்டிக்கொள்ளும். அப்போது லாரியிலிருந்து இறங்கிய கெக்கை மாட்டினால் நுரைதான் வரும். 38 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குளிர ஒரு முழு நாள் வேண்டும். சனிக்கிழமையே குளிரறைக்குள் போயிருக்க வேண்டிய சரக்கு அது.

எப்போது எழுந்து போவது என்பதற்கு ஆட்டத்திலேயே கடிகாரம் இருக்கிறது. ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடமாக இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்தைத் தாண்டியபின் பந்து முதல்முறை நிற்கும்போது விளம்பர இடைவேளை கட்டாயம். இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். இது தெரிந்தவர் பதற மாட்டார். தெரியாதவர் அணி எடுக்கும் முப்பது விநாடி டைம் அவுட்டில் கழிவறைக்கு ஓடி, ஒரு டங்க்கைத் தவறவிட்டு வருவார். கவுன்டருக்கு மட்டும் இந்த இடைவேளைகளில் போகாதீர்கள், மொத்தக் கூட்டமும் அப்போதுதான் வரும். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கவுன்டரில் நின்றபடி ஒரு கண் டிவியில் வைத்து வாங்கிவிடலாம். மேசைக்கு வேண்டியதை மொத்தமாகச் சொல்லுங்கள். ஒன்று வாங்கி, திரும்பி "உனக்கென்னடா வேணும்?" என்று கத்துகிறவரை எந்த பார்டெண்டரும் மன்னிப்பதில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்குக் கடைசி இரண்டு நிமிடம்தான் புரியாத புதிர். ஸ்கோர் பட்டையில் 2:00 என்றிருக்கும், கைக்கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் ஓடிவிடும். பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். கடிகாரம் நிற்கும், எதிரணி யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோ (விழுந்தால் ஒரு புள்ளி) எறிய வேண்டும். ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலிலிருந்து ஒன்பதாவது வரை, முதல் எறிதல் விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து இரண்டும் நிச்சயம். நெருக்கடியில் கை நடுங்கும் என்கிற நம்பிக்கைதான் இந்த உத்தியின் முதல். 2008-ல் அது பலித்தது. 2:12 மிச்சமிருக்க மெம்ஃபிஸ் கான்சாஸை விட 60-51 என்று முன்னிலை. அப்புறம் வரிசையாக ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டார்கள். மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தபோது ஃபவுல் செய்து எதிரணியை இரண்டு எறிதலோடு நிறுத்தியிருக்கலாம்; அந்த ஃபவுலும் விழவில்லை. 2.1 விநாடி இருக்கும்போது மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளி போட்டு 63-63 ஆக்க, கூடுதல் நேரத்தில் கான்சாஸ் 75-68 என்று ஜெயித்தது. அதே கான்சாஸ் 2022 ஃபைனலில் பாதி ஆட்டத்தில் 25-40 என்று கிடந்தது, முடிவில் 72-69. இடைவேளையில் பில் கட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்காகவே நடந்ததுபோல ஒரு ஆட்டம்.

பந்தயம் இல்லாமல் பார் ஏது? இந்தப் போட்டிக்கும் பாருக்கும் உள்ள உறவே அதில்தான் ஊறியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் ஜோடிஸ் கிளப் ஃபாரஸ்ட் என்ற தெருமுனை பாரில் 1977-ல் 88 பேர் ஆளுக்கு 10 டாலர் போட்டு, கடைசி நான்கு அணிகளையும் சாம்பியனையும் கணிக்கும் பந்தயம் தொடங்கினார்கள். 2006-ல் தொகை பதினைந்து லட்சம் டாலரைத் தாண்டியது, அதோடு நின்றுபோனது. ஆனால் எல்லா ஆட்டத்தின் முடிவையும் முன்கூட்டியே கணித்து எழுதும் பிராக்கெட், ஃபைனல் ராத்திரியில் பெரும்பாலும் செத்த பிணம். சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும் வழக்கமான 1-2-4-8-16-32 மதிப்பெண் முறையில் சாம்பியனைச் சரியாகச் சொன்ன ஓரிருவர்தான் போட்டியிலேயே மிஞ்சியிருப்பார்கள், மற்றவர்களுக்கு அது வெறும் ஆட்டம். அன்றைக்கு உகந்தது பத்துக்குப் பத்து கட்டம். நூறு கட்டத்தில் ஆளாளுக்குப் பெயர் எழுதுகிறார்கள். ஜெயித்தவர், தோற்றவர் ஸ்கோரின் கடைசி இலக்கங்கள் சந்திக்கும் கட்டத்துக்குப் பரிசு. 77-74 என்றால் ஏழும் நாலும். அமெரிக்கன் ஃபுட்பாலில் பூஜ்யம், மூன்று, ஏழு விழுந்தவருக்கே யோகம், இரண்டு விழுந்தவர் பாடு திண்டாட்டம். பாஸ்கெட்பாலில் எல்லா இலக்கமும் கிட்டத்தட்டச் சமமாகவே வரும் என்பதால் சண்டை குறைவு. பெயர் எல்லாம் எழுதி முடித்த பிறகே, கட்டத்தின் மேலேயும் பக்கத்திலும் 0 முதல் 9 வரை இலக்கங்களைக் குலுக்கிப் போட வேண்டும். விற்காத கட்டம் ஜெயித்தால் பணம் யாருக்கு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பார்க்காரர் கமிஷன் எடுத்தால் அநேகமாக எங்கேயும் வம்புதான்.

பெண்கள் ஃபைனலை விட்டுவிட்டுப் பேசுவது இப்போது அறியாமை. 2024-ல் சவுத் கரோலைனா அயோவாவை 87-75 என்று வென்ற ஆட்டத்தை ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், மறுநாள் நடந்த ஆண்கள் ஃபைனலை ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. பெண்கள் ஆண்களை முந்தியது அதுவே முதல்முறை. சமீப வருடங்களில் ஞாயிறு பிற்பகல் கிழக்கு நேரப்படி மூன்று மணி வாக்கில் ஏபிசியில் வருகிறது. ஆன்டெனாவிலேயே கிடைக்கும், குழந்தைகளோடு வர முடிகிற நேரம். அப்படியிருந்தும் அன்றைக்கு நாலு மணிக்குக் கதவு திறக்கும் பார்களை என்ன சொல்வது. போர்ட்லாண்டில் பெண்கள் விளையாட்டை மட்டுமே காட்டுவதற்கென்று 2022-ல் திறந்த தி ஸ்போர்ட்ஸ் பிரா என்ற பார் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டவர்கள் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கடைசியாக அடையாள அட்டையும் காசும். வயதுக்குச் சான்றாக நம் ஊர் லைசென்ஸைப் பல பார்கள் ஏற்காது. அமெரிக்க அடையாள அட்டை இல்லாதவர்கள் பாஸ்போர்ட் கொண்டுபோங்கள், நரைத்த தலைக்கும் சேர்த்துத்தான். மூன்று மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பீரோடு உட்காருவதாக இருந்தால் இருபது சதவீத டிப் போதாது; அந்த மேசையில் அன்றைக்கு வேறு யாரும் உட்கார முடியவில்லை என்பதைக் கணக்கில் எடுங்கள். கார்டைக் கொடுத்துக் கணக்கு திறந்து வைத்திருந்தால் இரண்டாம் பாதியில் நாலு நிமிட இடைவேளையிலேயே மூடிவிடுங்கள். ஹார்ன் அடித்த பிறகு அறுபது பேரும் ஒரே கார்டு மிஷின் முன்னால் நிற்பார்கள்.

அப்படி முன்கூட்டிக் கட்டிவிட்டால், ஏணி கொண்டுவந்து வலையைத் துண்டு துண்டாக வெட்டுவதை உட்கார்ந்து பார்க்கலாம். ஒவ்வொரு ஆட்டக்காரராக ஏறி ஆளுக்கொரு நூல், கடைசியாக மிச்ச வலையோடு கோச். அந்த நேரத்தில் சேனலை மாற்றி அன்றைய ஹைலைட்ஸ் வைக்கிற பார் என்றால், அடுத்த வருடம் வேறு தெருமுனை பார்த்துக்கொள்ளுங்கள்.