மூன்று தவணை பாக்கி வைத்தவர்களுக்கு

வீட்டுக் கடன் தவணை தவறியதும் பலர் செய்கிற முதல் காரியம், பேங்க் போனை எடுக்காமல் விடுவது. அடுத்தது, பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி விடுவது. இரண்டுமே தப்பு, இரண்டாவது ரொம்பப் பெரிய தப்பு. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள். நோட்டீஸ் சேர்ந்ததாகவே ஆகிவிடும்.

முதலில் 90 நாள் கணக்கு. தவணைப் பாக்கி 90 நாளைத் தாண்டினால் பேங்க் அந்தக் கடனை என்பிஏ, அதாவது வாராக்கடன் என்று குறித்துவிடும். மாதத் தவணை 25,000. ஜனவரி 5 முதல் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் கடைசியில் ஒரே ஒரு தவணை கட்டினாலும் அது ஜனவரி பாக்கியில் கழியும், கணக்கு என்பிஏ ஆகாமல் அப்போதைக்குத் தப்பிக்கும். அதே 25,000-ஐ ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் கட்டினால் பிரயோஜனமில்லை. வாராக்கடன் முத்திரை விழுந்தபின் நாலு தவணைப் பாக்கியையும் முழுசாகக் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். ரிசர்வ் வங்கி இதை 2021-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டிய பணம் தவணையில் வரவாகியிருக்கிறதா, அபராதத்தில் கழிந்துவிட்டதா என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள்.

அடுத்து வருவது 2002-ஆம் வருடத்து சர்பாசி சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை எடுத்து விற்க பேங்குக்கு வழி தருவது. அதன் 13(2) பிரிவு நோட்டீஸ் 60 நாள் அவகாசம் தரும். தொகை தப்பா? கட்டிய பணம் விட்டுப்போயிருக்கிறதா? ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். 15 நாளில் பேங்க் காரணத்தோடு பதில் தர வேண்டும். மேனேஜரிடம் வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது. வீட்டை விற்றுக் கடனை அடைப்பதானாலும் இதுதான் நேரம். ஆனால் பேங்கின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். ஏலத்துக்கு விடுவதைவிட நீங்களே ஆள் பார்த்து விற்பது மேல் என்பேன். உள்ளே ஆள் குடியிருக்கிற, வழக்கு வருமோ என்று சந்தேகப்படுகிற வீட்டுக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்?

60 நாள் கடந்தால் 13(4) பிரிவு, வீட்டை பேங்க் எடுத்துக்கொள்வது. கதவில் சுவாதீன அறிவிப்பு, 7 நாளுக்குள் இரண்டு பேப்பரில் விளம்பரம். பெரும்பாலும் இது காகிதச் சுவாதீனம்தான், வீட்டில் நீங்கள்தான் இருப்பீர்கள். ஆளை வெளியேற்ற, சென்னையில் தலைமை மாஜிஸ்திரேட்டிடமும் மாவட்டங்களில் பெரும்பாலும் கலெக்டரிடமும் உத்தரவு வாங்கி வருவார்கள். எதிர்ப்பதானால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம். தெரிந்த வக்கீல் சொன்னார் என்று சிவில் கோர்ட்டுக்குப் போய் அந்த 45 நாளைத் தொலைக்காதீர்கள்.

ஏலத்துக்கு முந்தின நாள் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. 2016 திருத்தத்துக்கு அப்புறம் ஏல அறிவிப்பு வெளியாகிற வரைக்கும்தான் அந்த உரிமை. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது.

ஏலத்தில் கடனும் செலவும் போக மிஞ்சினால் அது உங்கள் பணம், கணக்குக் கேட்டு வாங்குங்கள். குறைந்தால் மீதிக்குத் தீர்ப்பாயத்திலோ கோர்ட்டிலோ உங்கள் மேல் மனு வரும், ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானையும் சேர்த்து.