சென்னை வெள்ளத்தைப் பற்றி நாம் படிக்காமல் விட்ட ஓர் ஆய்வு

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையைப் பற்றி மறு வருடமே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த ஒரு நாள் பெருமழையில் புவி வெப்பமயமாதலின் தாக்கம் எதையும் கண்டறிய முடியவில்லை என்பது அதன் முடிவு.

எழுதியவர்கள் காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் அல்ல. நெதர்லாந்தின் ஹெர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீடெரிக்க ஓட்டோ, டெல்லி ஐஐடியின் கிருஷ்ண அச்சுதராவ் உள்ளிட்டவர்கள். ஓட்டோ இப்போது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருக்கிறார். இயற்பியல் படித்துவிட்டு அறிவியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவரும், 2021இல் காலமான ஓல்டன்போர்க்கும் சேர்ந்து தொடங்கியதுதான் 'வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்' என்ற ஆய்வுக் குழு.

ஒரு பெருமழையோ வெப்ப அலையோ வந்ததும் இவர்கள் பழைய பதிவுகளை எடுக்கிறார்கள். இன்றைய உலகத்தையும், மனிதர்கள் கரியமில வாயுவைக் கொட்டாமல் இருந்திருந்தால் இருந்திருக்கும் உலகத்தையும் கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த மழை அங்கே எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், இங்கே எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. பெரும்பாலும் சில வாரங்களுக்குள், மக்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவை வெளியிட்டுவிடுகிறார்கள்.

2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி வெயில். மறுநாள் தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அந்த மாகாணத்தில் மட்டும் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே. மனிதர்கள் பூமியைச் சூடாக்கியிராவிட்டால் அப்படியொரு வெயில் ஏறக்குறைய சாத்தியமே இல்லை என்றது இந்தக் குழு. 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் வெந்தபோது, அதற்கான வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருக்கிறது என்றார்கள். கோதுமை விளைச்சல் அடிவாங்கி, மே மாதம் நம் அரசு ஏற்றுமதியையே நிறுத்தியது அந்த வருடம்தான்.

ஆனால் எனக்கு இவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது தெற்கு மடகாஸ்கர் விஷயத்தில். அங்கே வறட்சியில் மக்கள் பட்டினி கிடந்தபோது, அது காலநிலை மாற்றம் கொண்டுவந்த பஞ்சம் என்று ஐ.நா. அமைப்பே சொன்னது. இவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, இதில் காலநிலை மாற்றத்தின் பங்கு சிறியது, வறுமையும் மழையை மட்டுமே நம்பிய விவசாயமும்தான் மக்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன என்றார்கள். இப்படிச் சொன்னால் மறுப்பாளர்களுக்கு வசதியாகிவிடும் என்று சூழலியல் நண்பர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மடகாஸ்கரில் 'இல்லை' என்று சொன்னவர்கள் லிட்டனில் 'ஆமாம்' என்று சொன்னால் அதை யாரும் லேசில் தள்ள முடியாது.

சரி, சென்னைக்கு வருவோம். காற்றில் கலந்திருக்கும் மாசுத் துகள்கள் சூரிய வெப்பத்தைக் கொஞ்சம் தடுத்து, வெப்பமயமாதலின் விளைவை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. அதாவது, காற்று சுத்தமாகும்போது மறைந்திருப்பது வெளிப்படலாம். அடுத்த மழை இதைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அது வரும்போது வரட்டும். 2015இல் நடந்ததற்கு வானத்தைக் கைகாட்டிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது, அடையாற்றங்கரையில் வீடு கட்ட விட்டது, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பையைக் கொட்டிக் கட்டடங்களையும் எழுப்பியது, எல்லாமே மனிதர்கள் கையெழுத்துப் போட்டு நடந்தவை. இதையெல்லாம் 'காலநிலை மாற்றம்' என்ற ஒற்றைப் பதிலுக்குள் போட்டு மூடுவது, இறந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் இப்படியொரு ஆய்வைத் தமிழக அரசே கேட்டு வாங்க வேண்டும். அதைத் தமிழில் வெளியிட வேண்டும். ஏரி எப்போது திறக்கப்பட்டது, யார் உத்தரவில் திறக்கப்பட்டது என்ற விவரமும் அதே அறிக்கையில் இருக்க வேண்டும்.