கட்டம் போட்டால் வயல் ஆகிவிடாது

நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ரிம்வேர்ல்ட் என்ற கணினி விளையாட்டில் புதுக் குடியிருப்பு தொடங்கி, முதல் 15 நாள்களை மரம் வெட்டுவதற்கும் பாறைத் துண்டுகளை அப்புறப்படுத்துவதற்குமே செலவிட்டேன் என்று எழுதியிருந்தேன். "கட்டம் போட்டால் ஆள்களே வெட்டிக்கொள்வார்கள், தஞ்சாவூர்க்காரருக்கு இதுகூடத் தெரியாதா? இல்லையென்றால் கொளுத்திவிட்டுப் போங்கள் அண்ணா" என்று ஒரு தம்பி எழுத, அதற்கு அத்தனை சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் மாவட்டத்துக்காரர்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது.

பயிர்க் கட்டம் போட்டால், அதாவது விதைக்க வேண்டிய இடத்தைத் திரையில் குறித்துவிட்டால், விளையாட்டில் குடியேறிய ஆள்களே அங்குள்ள மரங்களை வெட்டுவார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. வெட்டுவது யார்? விதைக்க வேண்டிய அதே ஆள்தான். அவர் ஒரு மரத்தடியில் கோடரியோடு நிற்கும் பொழுதெல்லாம் விதைப்பிலிருந்து போன பொழுது. அந்த உலகத்தில் ஆண்டுக்கு 60 நாள்தான். குளிர்ப் பிரதேசத்தில் குடியேறினால் பயிர்க்காலம் அதிலும் ஒரு பகுதிதான். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக் குறுவைக்கு நாள் எண்ணுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதையா நான் விளக்க வேண்டும்? தண்ணீர் வாய்க்காலில் வந்த பிறகு அண்டை வெட்ட மண்வெட்டி தேடுகிறவனை நம் ஊரில் என்ன சொல்லுவார்கள் என்பது அந்தத் தம்பிக்கும் தெரியும்.

மரமில்லாத இடமாகப் பார்த்துக் கட்டம் போட்டிருக்கலாமே என்றார் இன்னொருவர். போட்டிருக்கலாம். என் வரைபடத்தில் வெட்டவெளியாகக் கிடந்தது 70 சதவீத வளமுள்ள சரளை மண். 140 சதவீத வளமண் மரங்களுக்கு அடியில் இருந்தது. உருளைக்கிழங்கு என்றால் சரளையிலும் ஓரளவு சமாளிக்கும், நெல் சமாளிக்காது. நான் நெல் போடுகிறேன். வேறு என்ன போடுவேன்?

கொளுத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தீக்கு என் கட்டத்தின் எல்லை தெரியாது. வீடு கட்ட வேண்டிய மரமும் சாம்பலாகிவிடும். மண்ணே வேண்டாம், நீர்த்தொட்டியில் வளர்த்தால் வளம் 280 சதவீதம் என்று பாடம் எடுத்த அறிஞருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் அந்தத் தொட்டிப் பயிர் செத்துப்போகும்.

மின்சாரம் நிற்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். இந்த விளையாட்டின் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. நான் வாங்கிச் சில வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 16 அன்று விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தப்பாவின் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் காலையில் நின்றவை பதினேழு மரங்கள். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. மரங்கள் விழுந்தது ஓர் இரவில். அவற்றை ஒழித்து முடித்தது அடுத்த ஆடியில். அறுக்கும் இயந்திரத்துக்கு வரிசை, ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை, அறுத்த துண்டுகளை எடுத்துப்போக ஆளில்லை, எல்லாம் போன பிறகும் தூர்கள் நிலத்திலேயே இருந்தன. நலம் விசாரிக்க வந்த ஒருவர், "கிடக்கிறதைக் கொளுத்திவிட்டுப் புதுக்கன்று வைக்க வேண்டியதுதானே" என்றார். பச்சைத் தென்னை எப்படி எரியும் என்று சித்தப்பா அவரிடம் கேட்கவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அதனால் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். விளையாட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டை விளையாட்டாக எடுக்கத் தெரியாதவன் என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். மரம் வெட்டுகிறவனுக்கு விவசாயப் பெருமை எதற்கு என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் நிலம் என்றால் யாரோ ஏற்கெனவே ஒழித்து வைத்திருப்பது, நாம் போய்க் கட்டம் போட வேண்டியதுதான் என்கிற நினைப்பு இருக்கிறதே, அது விளையாட்டிலிருந்து வந்ததில்லை. அறுவடைப் படம் போட்டால் இதயம் விடுகிறீர்கள். அதற்கு முந்திய 15 நாளைப் போட்டால் சிரிக்கிறீர்கள்.

அந்தத் தம்பி இன்று காலை, "சும்மா சொன்னேன் அண்ணா" என்று தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். சிரிப்பு எல்லார் முன்னாலும், வருத்தம் மட்டும் தனியாக. இருக்கட்டும். வடக்கு மூலையில் இன்னும் ஒன்பது அடிக்கட்டைகள் நிற்கின்றன. அவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நெல் விதைப்பேன்.